கராஜுக்கு எந்த ஹீற்றர்? குளிர் நாட்டில் உயிரோடு தொடர்புடைய ஒரு கேள்வி

சென்ற மார்கழியில் ஒரு காலை, கனடாவின் ஏஜாக்ஸ் நகரில் இருக்கும் அத்தான் வட்ஸ்அப்பில் அழைத்தார். இங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான்; அங்கே முதல் நாள் இரவு. திரையில் தெரிந்தது அவர்களுடைய கராஜ். தடித்த ஜக்கெற்றும் கம்பளித் தொப்பியுமாக நின்றார். பின்னால் பெரிய காஸ் அடுப்பில் ஆட்டிறைச்சிக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. மறுநாள் மகளின் பிறந்தநாள். பக்கத்தில் இன்னொரு சிலிண்டரில் பூட்டிய சிறிய ஹீற்றர் செக்கச்செவேலென எரிந்தது. வாகனம் வந்துபோகும் பெரிய கதவு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் திறந்திருந்தது.

“உதுக்குள்ள ரெண்டு நெருப்பு எரியுதே அத்தான், பரவாயில்லையோ?” என்று கேட்டேன்.

“கதவைக் கொஞ்சம் திறந்துதானே விட்டிருக்கிறன் தம்பி. முழுக்கத் திறந்தால் நான் விறைச்சுப் போவன்” என்று சிரித்தார்.

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. “பின்னேரம் முழுக்கத் தலையிடி எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறார். நீயாவது சொல்லு.”

அந்தத் தலையிடிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். கதவை முழுதாகத் திறந்து, இரண்டு நெருப்பையும் அணைத்துவிட்டு வெளியே வரும்படி சொன்னேன். கால் மணி நேரத்தில் தலையிடி குறைந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அடுத்த நாள் அவர் கேட்ட கேள்வி: “அப்ப கராஜுக்கு என்ன ஹீற்றர் போடலாம்?”

கராஜ் என்பது நம்மவர்களுக்கு என்ன?

ரொறன்ரோவைச் சுற்றியுள்ள ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் போன்ற இடங்களில் பெரும்பாலான தனி வீடுகளோடு ஒட்டியபடி ஒரு கராஜ் இருக்கும். கட்டியவர்கள் அதை வாகனம் நிறுத்துவதற்காகக் கட்டினார்கள். நம்மவர்கள் அதை வேறு பலவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள். வீட்டுக்குள் மணம் ஏறாமல் மீன் பொரிப்பதும் இறைச்சிக் கறி காய்ச்சுவதும் அங்கேதான். விழாக் காலத்தில் பெரிய கிடாரம் ஏறுவதும் அங்கேதான். வாகனம் திருத்துவது, தச்சு வேலை, ஆண்கள் கூடியிருந்து கதைப்பது, சிறு வியாபாரத்துக்கான பொருட்களை அடுக்கிவைப்பது எல்லாம் கராஜில் நடக்கும். கோடையில் இதில் பிரச்சினை இல்லை. ரொறன்ரோவில் தை, மாசி மாதங்களில் வெப்பநிலை –20 பாகை செல்சியஸ் வரை இறங்கும் நாட்களில்தான் ஹீற்றர் பற்றிய கேள்வி எழுகிறது.

கடைக்குப் போனால் அலுமாரி நிறைய ஹீற்றர்கள் இருக்கும். ஆனால் எதை வாங்குவது என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உள்ளன. எரிந்த வளி எங்கே போகும்? உண்டாகும் வெப்பம் எங்கே போகும்?

முதல் கேள்வி: எரிந்த வளி எங்கே போகும்?

காஸ், மண்ணெண்ணெய், அடுப்புக்கரி, பெற்றோல் என எந்த எரிபொருளும் முழுமையாக எரிய ஒட்சிசன் போதியளவு வேண்டும். அது குறைந்தால் காபனோரொட்சைட்டு, அதாவது பேச்சுவழக்கில் ‘காபன் மொனொக்சைட்’ உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியில் ஒட்சிசனைக் காவிச்செல்லும் ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான நாட்டத்துடன் ஒட்டிக்கொள்ளும். அதனால் சுவாசம் வழமைபோல நடந்துகொண்டிருக்கும்போதே உடலுக்கு ஒட்சிசன் கிடைக்காமல் போகிறது. முதலில் தலையிடி, பிறகு தலைச்சுற்று, குமட்டல், களைப்பு. குளிர்காலத்தில் இவையெல்லாம் தடிமன் காய்ச்சல் போலவே தெரியும். படுத்தால் சரியாகிவிடும் என்று படுப்பவர் எழும்பாமலே போகலாம்.

கதவை ஒரு சாண் திறந்து வைப்பது இதற்குத் தீர்வாகாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைப் பொறுத்து, அந்த இடைவெளி வளியை வெளியேற்றுவதற்குப் பதிலாக உள்ளே தள்ளவும் கூடும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் சூடான வளி மேலெழுந்து கூரைப் பக்கமாக வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப, கீழ்த்தளத்தில் கராஜ் பக்கமுள்ள சிறு வெடிப்புகள், கதவு இடுக்குகள் வழியாக வளி உள்ளே இழுபடும். கராஜில் உண்டான நச்சு வாயு வீட்டுக்குள் போவது இப்படித்தான். கராஜுக்கு நேர் மேலே உள்ள அறையில் தூங்குபவர்களுக்கு ஆபத்து அதிகம். காலையில் வாகனத்தைக் கராஜுக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து சூடேற விடும் பழக்கமும் இதே காரணத்தால் ஆபத்தானது.

இது வெறும் அச்சமூட்டும் கதை அல்ல. 2008 டிசெம்பரில் ஒன்ராறியோ மாகாணத்தின் வூட்ஸ்ரொக் நகரில் பொலிஸ் உத்தியோகத்தரான லோரி ஹோக்கின்ஸ், அவருடைய கணவர், இரண்டு பிள்ளைகள் என ஒரு குடும்பமே காபனோரொட்சைட்டினால் உயிரிழந்தது. வீட்டிலிருந்த காஸ் கணப்பின் புகைபோக்கி அடைபட்டிருந்தது. அவர்களின் பெயரால் 2013இல் ‘ஹோக்கின்ஸ் கிக்னாக் சட்டம்’ நிறைவேறியது. எரிபொருள் எரியும் சாதனமோ, கணப்போ, வீட்டோடு ஒட்டிய கராஜோ உள்ள குடியிருப்புகளில் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்ற விதி 2014 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கராஜ் இருந்தாலே போதும், கருவி வேண்டும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அதே 2013 டிசெம்பரில் ரொறன்ரோவை உறைமழைப் புயல் தாக்கியபோது அந்நகரில் மட்டும் ஏறத்தாழ 300,000 மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. குளிர் தாங்காமல் சிலர் கரி அடுப்புகளை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். சிலர் ஜெனரேற்றரைக் கராஜுக்குள் இயக்கினார்கள். அந்த நாட்களில் ஒன்ராறியோவில் காபனோரொட்சைட்டினால் மரணங்களும் நிகழ்ந்தன.

ஆகவே முதல் விதி எளிது. புகைபோக்கி வழியாக வெளியே போகாத எந்த நெருப்பையும் மூடிய கராஜுக்குள் வைத்துக் குளிர்காயக் கூடாது. சிலிண்டரில் பூட்டும் சிறிய ஹீற்றர்கள் சிலவற்றில், ஒட்சிசன் குறைந்தால் தானாக அணையும் அமைப்பு இருக்கிறது. அது வளியில் உள்ள ஒட்சிசனின் அளவுக்கே எதிர்வினையாற்றும், காபனோரொட்சைட்டை அளப்பதில்லை. அதை நம்பிக் கதவை மூடுவது சரியல்ல.

இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீர் ஆவியாக வெளிவரும். கட்டட வேலைத்தளங்களில் காணப்படும் குழாய் வடிவ ஊதும் ஹீற்றர் ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் புரொப்பேன் குடிக்கும். அந்த நீராவி முழுவதும் குளிர்ந்த சுவரிலும் ஆயுதங்களிலும் வாகனத்திலும் வேர்த்துப் படியும். சூடு வருகிறது என்று நினைத்துக் கொண்டிருக்கும்போதே கருவிகளில் துரு ஏறுகிறது.

இரண்டாவது கேள்வி: வெப்பம் எங்கே போகும்?

இரண்டு வாகனம் நிற்கக்கூடிய, 6 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் 2.7 மீற்றர் உயரமும் கொண்ட ஒரு கராஜை எடுத்துக்கொள்வோம். ஒரு சுவர் வீட்டோடு ஒட்டியிருக்கிறது. மற்றச் சுவர்களிலும் கூரையிலும் வெப்பக் காவலி, அதாவது இன்சுலேசன் இல்லை. கதவு மெல்லிய தகரம். வெளியே –20 பாகை, உள்ளே 10 பாகை வேண்டும் என்றால் வித்தியாசம் 30 பாகை.

நான் போட்டுப் பார்த்த தோராயக் கணக்கின்படி, கூரை வழியாக 3 கிலோவாற்றுக்குச் சற்று அதிகம், சுவர் வழியாக 3 கிலோவாற்றுக்குச் சற்றுக் குறைவு, கதவு வழியாக ஒன்றரை, இடுக்குகள் வழியாக 2, தரையின் விளிம்பு வழியாக அரைக்குச் சற்று மேல் என மொத்தம் 10 கிலோவாற்று வெப்பம் ஓயாமல் வெளியேறும். அதே கராஜின் சுவரிலும் கூரையிலும் இன்சுலேசன் போட்டு, இன்சுலேசன் உள்ள கதவு பூட்டி, கதவைச் சுற்றி இறப்பர் பட்டி வைத்து இடுக்குகளை அடைத்தால் இழப்பு 2 கிலோவாற்று அளவுக்கு இறங்கிவிடும். ஐந்தில் ஒரு பங்கு.

இதன் பொருளை ஒரு சாதாரண 1,500 வாற்று பிளக் ஹீற்றரை வைத்துப் பார்க்கலாம். முதல் கராஜில் அதை இரவு முழுவதும் ஓடவிட்டாலும் வெளியில் இருப்பதைவிட 4 அல்லது 5 பாகைதான் கூடும். வெளியே –20 என்றால் உள்ளே –15. மின்கட்டணம் மட்டும் ஏறும். இரண்டாவது கராஜில் அதே ஹீற்றர் வெப்பநிலையை 20 பாகைக்கு மேல் உயர்த்திவிடும். ஹீற்றர் மாறவில்லை, கராஜ்தான் மாறியது. கையில் இருக்கும் முதல் டொலரை இன்சுலேசனுக்கும் இறப்பர் பட்டிக்கும் செலவிட வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் ஒன்று: இடுக்குகளை அடைத்த கராஜில், புகைபோக்கி இல்லாத நெருப்பு முன்னரைவிட ஆபத்தானது. இன்சுலேசன் போட்டபின் பழைய காஸ் அடுப்புப் பழக்கத்தைத் தொடரவே கூடாது.

எந்த வகைகள் இருக்கின்றன?

மின் ஹீற்றர்: எரிதல் இல்லை, புகை இல்லை, ஈரம் இல்லை. பொருத்தும் செலவு குறைவு, ஓட்டும் செலவு அதிகம். இலங்கையில் நாம் பழகிய 230 வோல்ற்று, 13 அம்பியர் பிளக்கில் ஏறத்தாழ 3,000 வாற்று வரை எடுக்கலாம். கனடாவின் சாதாரண பிளக் 120 வோல்ற்று, 15 அம்பியர். நீண்ட நேரம் ஓடும் கருவிக்கு அதில் 80 வீதம், அதாவது 1,440 வாற்றுத்தான் பாதுகாப்பான அளவு. நீட்டு வயரில் ஹீற்றரைப் பூட்டினால் வயர் சூடேறித் தீப்பிடிக்கலாம். அதனால் கராஜுக்கு ஏற்றது 240 வோல்ற்றில் ஓடும், சுவரிலோ முகட்டிலோ பொருத்தும் ஹீற்றர். 5,000 வாற்று ஹீற்றருக்கு 21 அம்பியர் தேவை. அதற்கெனத் தனியாக 30 அம்பியர் இணைப்பு இழுப்பார்கள். பழைய வீடுகளில் மொத்த இணைப்பே 100 அம்பியர்தான் இருக்கும். மின்சார வாகனத்துக்கு சார்ஜரும் பூட்டியிருந்தால் இடம் இருக்கிறதா என்று மின் தொழிலாளர் கணக்குப் பார்க்க வேண்டும்.

அகச்சிவப்பு ஹீற்றர்: இது வளியைச் சூடாக்காமல், எதிரில் இருக்கும் ஆளையும் மேசையையும் தரையையும் சூடாக்கும். மாலையில் ஒரு மணி நேரம் ஓரிடத்தில் நின்று வேலை செய்பவருக்கு நல்லது. கதவைத் திறந்து மூடினாலும் சூடு முழுவதும் ஓடிவிடாது. முழுக் கராஜையும் ஒரே சூட்டில் வைத்திருக்க ஏற்றதல்ல. எரியக்கூடிய பொருட்களிலிருந்து உற்பத்தியாளர் சொல்லும் தூரத்தில் வைக்க வேண்டும்.

முகட்டில் தொங்கும் இயற்கை எரிவாயு ஹீற்றர்: ஒன்ராறியோவில் பல வீடுகளுக்குக் குழாய் மூலம் எரிவாயு வருகிறது. அதே அளவு வெப்பத்துக்குச் சாதாரண மின் ஹீற்றரைவிட அங்கே எரிவாயு மலிவு. தினமும் பல மணி நேரம் வேலை நடக்கும் பெரிய கராஜுக்கு இது பொருந்தும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கராஜ் வளியை எடுத்து எரித்துப் புகையை வெளியே தள்ளும். மற்றது எரிவதற்கான வளியையும் வெளியிலிருந்தே குழாய் மூலம் எடுக்கும். பெற்றோல், பெயின்ற், தின்னர், மரத்தூள் உள்ள இடத்தில் இரண்டாவதே நல்லது. சுடர் கராஜ் வளியைத் தொடுவதில்லை. பெட்டியில் வெப்ப அளவு ‘பி.ரி.யு.’ என்று எழுதியிருக்கும். ஒரு கிலோவாற்று என்பது மணிக்கு ஏறத்தாழ 3,412 பி.ரி.யு. நம் கணக்கிலுள்ள இன்சுலேசன் இல்லாத கராஜுக்கு 35,000 அளவு வேண்டும். இன்சுலேசன் உள்ளதற்கு அதில் ஒரு பகுதியே போதும். தேவைக்கு மிகப் பெரிதாக வாங்கினால் அடிக்கடி எரிந்து அணைந்து ஆயுள் குறையும்.

ஹீற் பம்ப்: நம் ஊர் ஏசியைத் திருப்பி ஓடவிட்டது போன்றது. வெளியிலுள்ள குளிர்ந்த வளியிலிருந்தே வெப்பத்தை உறிஞ்சி உள்ளே தரும். ஒரு அலகு மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று அலகு வெப்பம் கிடைக்கும். குளிர் கூடக்கூட அந்த இலாபம் குறையும். குளிர் நாட்டுக்கென வடிவமைத்தவை –25 பாகை வரையிலும் ஓடும். கோடையில் குளிர்ச்சியும் தரும். வாங்கிப் பொருத்தும் செலவுதான் அதிகம். இன்சுலேசன் உள்ள, நாள் முழுவதும் சூடாக இருக்கவேண்டிய கராஜுக்கே இது பொருந்தும். பல மொடல்களில் 16 பாகைக்குக் கீழே வெப்பநிலையைக் குறைத்து வைக்க முடியாது என்பதை வாங்குமுன் பார்க்க வேண்டும்.

சட்டம் சொல்வது

பெற்றோல் ஆவி வளியைவிடப் பாரமானது; தரையோடு தவழும். –40 பாகைக் குளிரிலும் அது தீப்பற்றக்கூடிய அளவு ஆவியாகும். அதனால்தான் கராஜில் சுடர், தீப்பொறி உண்டாக்கும் கருவிகள் தரையிலிருந்து குறைந்தது 18 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. பெற்றோல் கானையும் புல் வெட்டும் இயந்திரத்தையும் ஹீற்றருக்கு அருகில் வைக்கக் கூடாது.

வீட்டை சூடாக்கும் ஃபேர்னஸிலிருந்து ஒரு குழாயை வெட்டிக் கராஜுக்குள் விடுவது சிலர் செய்யும் ‘மலிவு’ வழி. கனடியக் கட்டட விதிகள் இதை அனுமதிப்பதில்லை. கராஜின் புகையும் ஆவியும் அதே குழாய் வழியாகப் படுக்கையறைக்கு வரும். வீட்டுக்கும் கராஜுக்கும் இடையிலான கதவு இறுக்கமாக மூடக்கூடியதாகவும் தானாக மூடிக்கொள்வதாகவும் இருக்க வேண்டும் என்பதும் விதி. அந்தக் கதவில் கல் வைத்துத் திறந்துவிடுவது விதியின் நோக்கத்தையே கெடுக்கிறது.

ஒன்ராறியோவில் காஸ் வேலையை உரிமம் பெற்ற காஸ் தொழில்நுட்பவியலாளரே செய்ய வேண்டும். மின் வேலைக்குக் கூலி கொடுத்தால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தகாரருக்கே கொடுக்க வேண்டும். வேலை மின் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவிக்கப்பட வேண்டும். “எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார், அரைவாசிக் காசுக்குச் செய்வார்” என்பது நம் சமூகத்தில் அடிக்கடி கேட்கும் வார்த்தை. தீ விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது அந்த வேலைக்கான பத்திரத்தைத்தான். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதையும் பொருத்தக் கூடாது.

எச்சரிக்கைக் கருவியைத் தூங்கும் அறைகளுக்கு அருகில் பூட்ட வேண்டும். கராஜுக்கு மேலே அறை இருந்தால் அங்கும் ஒன்று வைப்பது நல்லது. வீட்டுப் பாவனைக்கான பல கருவிகள் 4 பாகைக்குக் கீழே சரியாக வேலை செய்வதற்கென வடிவமைக்கப்படவில்லை. உறைந்த கராஜில் ஒன்றை மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஒவ்வொரு கருவிக்கும் காலாவதித் திகதி உண்டு, பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும்.

எதற்காக என்று முதலில் முடிவெடுங்கள்

காலையில் வாகனம் ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பது மட்டும்தான் தேவை என்றால் கராஜையே சூடாக்க வேண்டியதில்லை. எஞ்சினில் பூட்டும் சிறிய மின் சூடாக்கியை நேரக்கணிப்பானோடு விடியற்காலையில் சில மணி நேரம் ஓடவிட்டால் போதும். வீதியில் போடும் உப்பு ஒட்டிய வாகனத்தைச் சூடான கராஜில் நிறுத்தினால் துருப்பிடிப்பது விரைவாகும் என்பதும் உண்மை.

வார இறுதியில் இரண்டு மணி நேரம் வேலை என்றால் அகச்சிவப்பு அல்லது 240 வோல்ற்று மின் ஹீற்றர். தினமும் தொழில் நடக்கிறது என்றால் முதலில் இன்சுலேசன், பிறகு வெளி வளியில் எரியும் எரிவாயு ஹீற்றர் அல்லது ஹீற் பம்ப். சமையல்தான் தேவை என்றால், அதற்குச் சரியான ஹீற்றர் எதுவும் இல்லை. வெளியில் பாவிக்கவென்று செய்த அடுப்பு வெளியில்தான் இருக்க வேண்டும்.

அத்தான் கடைசியில் கதவைச் சுற்றி இறப்பர் பட்டி போட்டு, முகட்டுக்கு இன்சுலேசன் செய்து, உரிமம் உள்ள ஒருவரைக் கொண்டு 5,000 வாற்று மின் ஹீற்றர் ஒன்று பூட்டினார். முகட்டு வேலைக்குத்தான் கூடக் காசு போனது என்று குறைப்பட்டார். தைப்பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அழைப்பு வந்தது. இந்த முறை காஸ் அடுப்பு வீட்டின் பின்வளவில், சுவரிலிருந்து தள்ளி, பனிக்கு நடுவே எரிந்துகொண்டிருந்தது. அவர் அகப்பையும் கையுமாக நின்றார்.

“சரியான குளிர் தம்பி” என்றார். “ஆனால் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா கராஜுக்குள்ள போய்க் கையைச் சூடாக்கிப்போட்டு வாறன்.”

தலையிடி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.